மாடியில் இருந்த அண்ணனும் தங்கச்சியும்

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, சுரண்டை என்று இந்தப் பக்கத்து ரோடுகளிலேயே என் காலம் கழிந்தது. அந்த வேலையால் எனக்கு ஒட்டிக்கொண்டது சந்தேகப்படும் பழக்கம். டிக்கெட் எடுக்காதவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று நினைப்பார்கள். இல்லை, நம்மை நேராகப் பார்த்துச் சிரிப்பான். பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்லும் தாய், சொல்லும்போது பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுப்பாள். காக்கிச் சட்டையைக் கழற்றிய பிறகும் இந்தக் கண் மூடவில்லை.

எங்கள் சபையில் நான் மூப்பர். புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் வேதபாட வகுப்பு நடக்கும். நடத்துவது நான்தான். வேதாகமத்தையும் அதே கண்ணோடுதான் படிக்கிறேன். ஆபிரகாமை விசுவாசத்தின் தகப்பன் என்று எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது, இந்த மனுஷன் இந்த இடத்தில் எதையோ மறைக்கிறாரே என்றுதான் எனக்குத் தோன்றும்.

அந்த வருஷம் சாரல் தொடங்கிய நேரத்தில் எங்கள் மாடி காலியாக இருந்தது. சீசனில் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டிருக்கலாம். நாளுக்கொரு முகம் வீட்டுக்குள் வருவது எனக்குப் பிடிக்காது. அப்போதுதான் ஒரு பையனும் பெண்ணும் வந்து கேட்டில் நின்றார்கள். பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்னான். பெண் அவனுக்கு ஒரு அடி பின்னால் நின்றாள்.

"கூட யாரு?"

"தங்கச்சி, அண்ணாச்சி. எங்களுக்கு அப்பா அம்மா கெடையாது."

"சொந்த ஊரு?"

"விருதுநகர் பக்கம்."

என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "பாவம், குடுத்துருங்க" என்றாள். கொடுத்துவிட்டேன்.

முதல் சந்தேகம் அவன் பேச்சில் வந்தது. எங்களிடம் பேசும்போது ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைப்பான். ஒருநாள் கடையிலிருந்து போன் வந்ததும், படியில் இறங்கிக்கொண்டே, "இன்னா வருதேன், வண்டிய எடுக்குதேன்" என்றான். விருதுநகர்க்காரன் வாரேன் என்பான். 'வருதேன்' என்பது திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்த வாயில் மட்டும்தான் வரும். இந்த ஊர்ப் பிள்ளை எதற்கு வேற்றூர் என்று சொல்ல வேண்டும்?

இரண்டாவது சந்தேகம் அவர்கள் பழகிய விதத்தில். எனக்கும் ஒரு தங்கச்சி உண்டு. சுரண்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. இன்றைக்கும் அவளைப் பார்த்தால், "ஏட்டி, என்ன இப்படி ஊதிப்போய்ட்ட" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பேன். அவளும் பதிலுக்கு என் வழுக்கையைப் பற்றி ஏதாவது சொல்வாள். மாடியில் அப்படி ஒரு சத்தமே இல்லை. அவன் அவளை 'ஏட்டி' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவள் எங்கள் முன்னால் 'அண்ணன்' என்று சொல்வாள். ஆனால் கடை போர்டை வாசிப்பதுபோலச் சொல்வாள்.

பஸ்ஸில் அண்ணன் தங்கச்சியை எனக்குப் பார்த்தவுடன் தெரியும். இறங்கும் இடம் வந்தால் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எறங்கு, எறங்கு" என்று கத்திவிட்டு முதலில் குதித்துவிடுவான். புதுப் புருஷன் அப்படிச் செய்ய மாட்டான். அவள் கால் தரையில் படும்வரை படியையே பார்த்துக்கொண்டு நிற்பான். சாரலில் எங்கள் மாடிப்படி வழுக்கும். அந்தப் பையன் ஒவ்வொரு தடவையும் கீழே நின்று, அவள் கடைசிப் படி இறங்கும்வரை அந்தப் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேல இருக்கது அண்ணன் தங்கச்சி இல்ல" என்று மனைவியிடம் சொன்னேன்.

"நீங்க ரிட்டயராயி எவ்வளவோ காலமாச்சி. அந்த விசில இனியாவது கீழ வைங்க" என்றாள். அவள் இவ்வளவு சுருக்கமாக ஒரு பேச்சை முடித்ததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அந்தப் பெண் எங்கள் மதமில்லை. ஆனாலும் புதன்கிழமைகளில் என் மனைவி அவளைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வாள். அடுக்களை வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே வகுப்பைக் கேட்பாள். நாங்கள் அப்போது யோசேப்பின் கதையில் இருந்தோம். நான் வேண்டுமென்றே அதை நிறுத்திவிட்டு, ஒரு புதன்கிழமை ஆபிரகாமுக்குத் திரும்பினேன். யாரும் காரணம் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் அந்தப் பாடத்தை எடுத்தேன்.

பஞ்சத்துக்குப் பயந்து ஆபிரகாம் எகிப்துக்குப் போனதைச் சொன்னேன். அழகான மனைவி. அவளுக்காகத் தன்னைக் கொன்றுவிடுவார்களோ என்ற பயத்தில் சாராளைத் தங்கச்சி என்று சொல்லச் சொன்னார். ராஜா அவளை அரண்மனைக்குக் கொண்டுபோய்விட்டான். கடவுள் தலையிட்டு மீட்டார். அதோடு புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேரார் என்ற ஊரில் அபிமெலேக்கு என்ற ராஜாவிடம் அதே பொய்யை மறுபடியும் சொன்னார். பிறகு அவர் மகன் ஈசாக்கு அதே ஊருக்குப் போய், தன் மனைவி ரெபெக்காளைத் தங்கச்சி என்று சொன்னார்.

"இவ்வளவு பெரிய வாக்குத்தத்தம் கெடச்சவருக்கு எதுக்கு இந்தப் பொய்?" என்று கேட்டார் ஒரு டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று, கணவரை இழந்து தனியாக இருப்பவர். வகுப்பில் என்னை மடக்கிக் கேள்வி கேட்கும் ஒரே ஆள்.

"அந்த ஊர்க்காரங்களுக்குத் தெய்வபயமே இருக்காதுன்னு அவரா நெனச்சிக்கிட்டாரு. பாத்தா, அந்த ராஜாவுக்குத்தான் இவரவிட பயம் இருந்திருக்கு. அடுத்தவன சந்தேகப்பட்டுப் பொய் சொல்லுதது விசுவாசக் குறைவு" என்றேன்.

வெங்காயம் உரிக்கும் சத்தம் நின்றிருந்தது.

"அந்த ராஜா அவங்கள எப்படிக் கண்டுபிடிச்சாரு?" அந்தப் பெண் அன்றுதான் முதல்முறையாக வகுப்பில் வாய் திறந்தாள்.

"ஜன்னல் வழியா பாத்தாரு. ஈசாக்கு அந்தம்மாகூட வெளையாடிக்கிட்டு இருந்தாரு. தங்கச்சிகிட்ட யாரும் அப்படி வெளையாட மாட்டாங்கன்னு தெரிஞ்சிபோச்சி."

"அப்பறம் என்ன செஞ்சாரு?"

"கூப்பிட்டு விட்டுக் கோவப்பட்டாரு."

"அப்பறம்?"

"அவங்க மேல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு ஊருக்கே கட்டள போட்டாரு."

அவள் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது. வெங்காயம் என்று சொல்லலாம். எனக்கு என் சந்தேகம் பாதி உறுதியானது.

மீதிப் பாதி குற்றாலத்தில் உறுதியானது. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கு ரம்புட்டான் வாங்கப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். திரும்பும்போது பஸ் பழைய அருவிக்குப் பிரியும் விலக்குப் பக்கம் கார்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ரோட்டோரச் சுவரில் அவள் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவன் பின்னால் நின்று, துண்டால் அவள் கூந்தலைப் பிழிந்து பிழிந்து துவட்டிக்கொண்டிருந்தான். அவள் ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. ஈரச் சுடிதாருக்கு மேலே மஞ்சள் கயிறு வெளியே கிடந்தது.

அபிமெலேக்குக்கு வந்த கோபம் எனக்கும் வந்தது. அவர்கள் தாலி கட்டாமலே சேர்ந்து வாழ்கிறார்கள் என்று நினைத்துத்தான் இவ்வளவு நாளும் கணக்குப் போட்டிருந்தேன். கயிற்றைப் பார்த்ததும் அது போய்விட்டது. ஆனால் சந்தேகம் போகவில்லை, இடம் மாறிக்கொண்டது. கல்யாணம் ஆகாதவர்கள் ஆனதாகச் சொல்லி அறை எடுப்பது ஊருக்கே தெரிந்த விஷயம். கல்யாணம் ஆனவர்கள் எதற்கு ஆகவில்லை என்று சொல்ல வேண்டும்? அவனுக்கு வேறு எங்கேயோ ஒரு பெண்டாட்டி இருக்கிறாளா? எதையாவது திருடிக்கொண்டு வந்தவர்களா? நாளைக்குப் போலீஸ் வந்து என் வீட்டு வாசலில் நிற்குமா? வீடு வந்து சேர்வதற்குள் அவனை ஒரு கொலைகாரனாகவே ஆக்கி முடித்திருந்தேன்.

மனைவி அடுக்களையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பார்த்ததைச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"புருசன் பொண்டாட்டின்னு. வந்த மறுநாளே தெரியும். துணி துவைக்கக் குனிஞ்சா, கயிறு வெளிய வந்துட்டு. என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்க நியாயஸ்தரு. யாரு வந்து கேட்டாலும் உள்ளத அப்படியே சொல்லுவீங்க. அதான் சொல்லல."

இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் மறைத்த விஷயம் என்று எனக்குத் தெரிந்து வேறொன்றும் இல்லை. அன்றைக்கு அதையும் சந்தேகப்பட்டேன்.

அந்தப் பையன் வந்ததும் கூப்பிட்டு ஹாலில் உட்கார வைத்தேன். நான் கேட்டதும் அவன் மறுக்கவில்லை. ரொம்ப நாள் தூக்கிக்கொண்டு அலைந்த மூட்டையை இறக்குவதுபோலச் சொன்னான்.

இருவரும் திருவேங்கடம் பக்கத்துக்காரர்கள். சாதி வேறு. முறைப்படி பதிவுத் திருமணம் செய்தவர்கள். அவளுடைய அண்ணன் போலீஸில் இருப்பதால் எந்த ஸ்டேஷனுக்குப் போகவும் பயம். முதலில் வேறொரு ஊரில் வீடு எடுத்தபோது உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார்கள்.

"அந்த வீட்டுக்காரரு நல்ல மனுசன் அண்ணாச்சி. சாப்பாடெல்லாம் குடுத்தாரு. ஒருநாள், பெத்தவங்ககிட்ட மறைக்கது பாவம், நான் பேசிச் சேத்து வைக்கேன்னு அவ வீட்டுக்குப் போன் போட்டுட்டாரு. நாங்க கடைக்குப் போயிருந்தோம். திரும்பி வரும்போது தெருமுனைல அவங்க காரு நிக்கி. அங்கனயே பஸ் ஏறிட்டோம். உடுத்தியிருந்த துணியோட."

"அதுக்கு அண்ணன் தங்கச்சின்னு சொல்லணுமா?"

"புருசன் பொண்டாட்டின்னா, யாரு வீட்டுப் பிள்ள, கல்யாணம் எங்க நடந்துச்சி, போட்டோவக் காட்டுன்னு கேப்பாங்க. அண்ணன் தங்கச்சி, அப்பா அம்மா இல்லன்னா, அய்யோ பாவம்னுட்டு விட்டுருதாங்க."

எனக்கு ரோஷமாக இருந்தது. "இது சாமிக்குப் பயந்த வீடுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணாச்சி. அந்த வீட்டுக்காரரும் சாமிக்குப் பயந்தவருதான்."

அவனை மேலே போகச் சொன்னேன். அவன் சொன்ன எல்லாவற்றையும் நம்பினேன் என்றும் சொல்ல மாட்டேன். அடுத்த நாளே பழக்கமான ஒரு டிரைவரிடம் திருவேங்கடம் பக்கம் விசாரிக்கலாமா என்று நினைத்து, போனைக் கையில் எடுத்தேன். மனைவி வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டேன். ஆபிரகாம் கேராரைச் சந்தேகப்பட்டது விசுவாசக் குறைவு என்று ஹாலில் உட்கார்ந்து சுலபமாகச் சொல்லிவிட்டேன். ஏற்கெனவே எகிப்தில் ஒருமுறை மனைவியை இழந்து மீட்டவருக்கு, இன்னொரு ஊரின் வாசல் எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் யோசித்ததில்லை.

அடுத்த புதன்கிழமை அந்தப் பெண் கீழே வரவில்லை. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். சாதாரண சட்டை பேன்ட்தான். ஆனால் முடிவெட்டும் ஷூவும் போலீஸ் என்று காட்டிக்கொடுத்தன. செருப்புகளுக்குப் பக்கத்தில் ஷூவைக் கழற்றிவிட்டு, பணிவாக உள்ளே வந்தார்.

"மன்னிக்கணும் அண்ணாச்சி. என் தங்கச்சியத் தேடிக்கிட்டு இருக்கேன். இந்தப் பக்கம் அவளப் பாத்ததா ஒரு ஆளு சொன்னாரு. எங்க அம்மா படுத்த படுக்கையா கெடக்கா. ஒருதடவ அவள பாத்துட்டா போதும்னு சொல்லுதா."

போனை நீட்டினார். ஏதோ கோயில் கொடை விழாவில் எடுத்த படம். எங்கள் மாடிப் பெண்தான், கன்னம் கொஞ்சம் உப்பலாக. இவர் அவள் சடையைப் பிடித்து இழுக்கிறார். அவள் வலியில் முகத்தைச் சுளித்து, அவர் கையில் அடிக்க ஓங்கியிருக்கிறாள். பார்த்தவுடன் தெரிந்தது, இதுதான் அண்ணன் தங்கச்சி.

அவர் முகத்தைப் பார்த்தேன். தூக்கமில்லாத முகம். அம்மாவைப் பற்றிச் சொன்னபோது குரல் உடைந்தது. உண்மையாக இருக்கலாம். இப்படி உடைந்த குரலோடு எத்தனை பேர் என்னிடம் பர்ஸ் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். எந்த முகத்தையும் படித்துவிடுவேன் என்று இருந்த எனக்கு அந்த முகம் பிடிபடவில்லை.

"மாடில யாரு இருக்காங்க?" என்று கேட்டார்.

மனைவி அடுக்களை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விருதுநகர் பக்கம். ஒரு அண்ணனும் தங்கச்சியும்" என்றேன்.

மடியில் வேதப்புத்தகம் திறந்திருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரும் அசையவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போய் ஷூவைப் போட்டார். போடும்போது கண் மாடிப்படியின் கீழே கிடந்த செருப்பில் போய் நின்றது. பூப்போட்ட சின்னச் செருப்பு. அந்தப் பெண் மேலே போகும்போது விட்டது. அவர் குனிந்த நிலையிலேயே இருந்தார்.

டீச்சர் எழுந்தார். "எனக்கு மருந்து சாப்பிடுத நேரமாச்சி, நான் வருதேன்" என்று சொல்லிக்கொண்டே போய், அந்தச் செருப்பில் காலை நுழைத்தார். குதிகால் பாதி வெளியே நின்றது. சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுதீங்களா தம்பி" என்று அவரைத் தாண்டி கேட்டுக்குப் போனார். அவரும் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். நம்பித்தான் போனாரா, மறுபடி வருவதற்காகப் போனாரா, தெரியவில்லை.

டீச்சர் தெருமுனைவரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நீங்க ஆபிரகாம் பாடம் எடுத்த அன்னைக்கே தெரியும். நீங்க அந்தப் பிள்ளைய சோதிச்சிக்கிட்டு இருந்தீங்க. நான் அது நடுங்குனதப் பாத்தேன்" என்றார்.

மேலே போய் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அம்மா படுக்கையில் இருப்பதாக அவர் சொன்னதையும். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொய்யாத்தான் இருக்கும் அண்ணாச்சி. அம்மாவுக்கு முடியலன்னா எங்கண்ணன் பக்கத்துலல்லா இருப்பான். ஊரு ஊரா போட்டோவ வச்சிக்கிட்டு அலைவானா?" என்றாள். பிறகு, "அலையவும் செய்வான்" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

டீச்சரின் மகள் புனலூரில் இருக்கிறாள். அவள் மூலமாக அங்கே ஒரு வீடு பார்த்தோம். மறுநாள் கொல்லம் ரயிலில் இருவரையும் ஏற்றிவிட நானும் செங்கோட்டைவரை கூடப் போனேன். பிளாட்பாரத்தில் நின்ற ஒவ்வொருவரின் ஷூவையும் பார்த்துக்கொண்டே போனேன். ரயில் கிளம்பும்போது அந்தப் பையன் என் கையைப் பிடித்தான். "பொய் சொன்னதுக்கு மன்னிச்சிருங்க" என்றான். எந்தப் பொய்யை, யார் சொன்னதை என்று எனக்குத் தெரியவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு அவள் என் மனைவிக்குப் போன் செய்தாள். அம்மாவுக்கு உண்மையாகவே முடியாமல் போயிருந்தது. ஒரு பக்கம் கை கால் விழுந்து படுக்கையில் இருந்திருக்கிறாள். ஒரு சித்தியின் போனில் அவளை வீடியோவில் பார்த்திருக்கிறாள் இந்தப் பெண். அம்மாவுக்குப் பேச வரவில்லை. நல்லாயிருக்கிற கையைத் தூக்கி, திரையில் மகளின் முகத்தைத் தடவினாளாம். அப்போது அண்ணன் உள்ளே வந்து போனை வாங்கியிருக்கிறான். அவனும் அழுதிருக்கிறான். "வாட்டி, ரெண்டு பேருமே வாங்க. ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்றானாம்.

"நீ என்ன சொன்ன?" என்று என் மனைவி கேட்டாள்.

"வருதேன் அண்ணேன்னு சொன்னேன். சொல்லிட்டு அந்த வாரமே வீட்ட மாத்திட்டோம் அக்கா."

நான் அன்று அந்த மனிதரிடம் பொய் சொன்னது அவர்களைக் காப்பாற்றியதா, ஒரு தாயிடமிருந்து மகளைப் பிரித்ததா என்று எனக்கு இன்னும் தெரியாது. இரண்டுமாக இருக்கலாம். மனைவியிடம் கேட்டால், "அவ உசுரோட இருக்கா, போன் பண்ணுதா. அது போதும்" என்கிறாள்.

வகுப்பில் இப்போது யாக்கோபைப் படிக்கிறோம். அண்ணன் ஏசாவின் கோபத்துக்குப் பயந்து தாய் ரெபெக்காள் அவரைத் தூர தேசத்துக்கு அனுப்புகிறாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வா, கோபம் ஆறிவிடும் என்கிறாள். அவர் திரும்பி வரும்போது பிள்ளைகுட்டிகளோடு வருகிறார். தாயைத் திரும்பப் பார்த்ததாக எங்கேயும் எழுதப்படவில்லை. ஏசா ஓடி வந்து கட்டிப்பிடித்து அழுகிறார். என்னோடு வா என்கிறார். நீங்கள் முன்னால் போங்கள், பிள்ளைகள் நடக்கிற நடைக்கு மெதுவாக வருகிறேன் என்று யாக்கோபு சொல்கிறார். சொல்லிவிட்டு வேறு வழியாகப் போய்விடுகிறார்.

"அண்ணன் அவ்வளவு அழுத பெறகும் நம்பலையே. அது சரியா, தப்பா?" என்று வகுப்புக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி கேட்டான்.

முன்பென்றால் விசுவாசக் குறைவு என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். என் மனைவி காப்பித் தட்டோடு நின்று என்னையே பார்த்தாள்.

"அந்த அழுக உண்மதான்னு நெனைக்கேன்" என்றேன். "ஆனா நான் யாக்கோபா இருந்தாலும் வேற வழியாத்தான் போயிருப்பேன்."